அரசின் கடனைக் குறைக்க அரசியல் நடவடிக்கை தேவையா? எங்கிருந்து தொடங்குவது?

குடியாத்தம் தறிவீடு – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தில் கைலி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் வேலையில் இருக்கிறேன். என் மனைவி எங்கள் தெருவின் மகளிர் சுய உதவிக் குழுவில் பொருளாளர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் 14 பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி உட்கார்ந்து, சந்தாப் பணத்தை எண்ணி, யாருக்குக் கடன் தருவது என்று பேசி முடிவெடுப்பார்கள். அவர்களுடைய பேரேட்டில் தேதி, பெயர், தொகை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக "நோக்கம்" என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறாது.

சென்ற மாதம் குழுவிலுள்ள ஒரு பெண், வேறொரு இடத்தில் வாங்கிய வாரக் கடனின் தவணையைக் கட்டுவதற்காக 20,000 ரூபாய் கேட்டார். யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் வயதில் மூத்த ஒரு பெண், "கடனை அடைக்கக் கடன் வாங்கினால், அடுத்த மாதம் இதை எதை வைத்து அடைப்பாய், கண்ணு?" என்று கேட்டார். அதற்குப் பதில் கிடைக்கும் வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், பேச்சு நீண்டது. கடைசியில் 8,000 ரூபாய் கொடுத்தார்கள். கடன் கேட்டவர் தம் மகனின் வார வருமானத்தில் எவ்வளவு ஒதுக்குவார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தின்படி, 31.3.2026 அன்று மாநிலத்தின் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும் என்ற செய்தி அதில் இருந்தது. மாநிலத்தின் நிதிநிலை பற்றி 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்று சொன்னபோது எங்கள் தெருவே அதைப் பற்றிப் பேசியது. அதன் பிறகு அந்தப் பேச்சை எங்கும் கேட்க முடியவில்லை.

என் கேள்வி இதுதான். எதிர்க்கட்சியாக இருக்கும்போது கடனைப் பற்றிக் கவலைப்படும் கட்சிகளே ஆட்சிக்கு வந்ததும் அதே வேகத்தில் கடன் வாங்குவதை மத்தியிலும் மாநிலத்திலும் பார்க்கிறோம். இது பொருளாதார வல்லுநர்களும் அதிகாரிகளும் தீர்க்க வேண்டிய கணக்குப் பிரச்சினையா, அல்லது சட்டமன்றமும் நாடாளுமன்றமும் வாக்காளர்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய அரசியல் முடிவா? அரசியல் முடிவுதான் என்றால், திட்டவட்டமாக எதைச் செய்யச் சொல்லி நாம் கேட்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வேலூர் கருவூலன் – பதில்

ஐயா, நான் கருவூலத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்தப் பணியின் பெரும்பகுதி பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே கழிந்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் ஒன்றுதான்: இது முழுக்க முழுக்க அரசியல் முடிவு. காரணத்தைக் கணக்கிலிருந்தே சொல்கிறேன்.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்படுவதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கல்விக்கு இவ்வளவு, நெடுஞ்சாலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் அவையின் ஒப்புதல் வேண்டும். ஆனால் கடனுக்கான வட்டிக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 202ஆவது கூறு, வட்டி உள்ளிட்ட கடன் பொறுப்புகளை மாநிலத்தின் தொகுப்பு நிதியின் மீது சார்த்தப்பட்ட செலவு என்று வகைப்படுத்துகிறது. அத்தகைய செலவை அவை விவாதிக்கலாம், ஆனால் வாக்கெடுப்புக்கு விட முடியாது என்கிறது 203ஆவது கூறு. மத்திய அரசுக்கும் இதே ஏற்பாடுதான். கடன் கொடுத்தவர் அஞ்சாமல் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட நியாயமான ஏற்பாடு இது. ஆனால் இதன் விளைவை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடன் வாங்குகிற நாளில் மட்டுமே மக்கள் பிரதிநிதிக்கு "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் இருக்கிறது. அந்த நாளைத் தவறவிட்டால், பத்து ஆண்டுகளுக்கு வட்டி கட்டுவதைப் பற்றி அவர் பேசலாமே தவிர, கட்டாதே என்று வாக்களிக்க முடியாது.

இப்போது அளவைப் பாருங்கள். 2025-26இல் தமிழ்நாடு வட்டிக்காகச் செலவிடத் திட்டமிட்ட தொகை 70,754 கோடி ரூபாய். அதே ஆண்டில் சாலை, பாலம், அணை, கட்டடம் போன்ற மூலதனப் பணிகளுக்கு ஒதுக்கியது 57,231 கோடி. புதிதாகக் கட்டுவதற்கு நாம் ஒதுக்கும் தொகையை விடப் பழைய கடனுக்குக் கட்டும் வட்டி அதிகம். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 194 கோடி ரூபாய் வட்டியாகப் போகிறது. மத்திய அரசின் நிலை இதைவிடக் கடினம். அதே ஆண்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி என்றும், அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி என்றும் திட்டமிடப்பட்டது. நான்கில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது.

உங்கள் குழுவின் "நோக்கம்" என்ற கட்டத்தை அரசின் கணக்கில் தேடினால், அதற்கு மிக நெருங்கிய சொல் வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் எவ்வளவு கடன் வாங்குகிறோம் என்பதை அது காட்டுகிறது. 2025-26இல் தமிழ்நாட்டின் நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவை மீறிய செலவுக்காகக் கடனாகத் திரட்டும் மொத்தத் தொகை, 1,06,963 கோடி. அதில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் ஏறக்குறைய 39 ரூபாய் அன்றாடச் செலவில் கரைந்துவிடுகிறது. மத்திய அரசின் கடனிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் போகிறது. 2013-க்கு முன்பு தமிழ்நாட்டில் வருவாய் உபரி இருந்த ஆண்டுகளும் உண்டு என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். அந்தக் கணக்குகளைக் கையால் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சட்டம் இல்லாமலா இப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். சட்டம் இருக்கிறது. நாடாளுமன்றம் 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழ்நாடும் அதே ஆண்டில் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. வருவாய்ப் பற்றாக்குறையை அறவே ஒழிப்பது என்று அன்று எழுதிய காலக்கெடுவை மத்திய அரசும் தள்ளிவைத்தது, மாநிலமும் திருத்தம் மேல் திருத்தம் செய்து தள்ளிவைத்தது. 2018இல் மத்திய சட்டத்தைத் திருத்தியபோது, மத்திய அரசின் கடன் 2024-25ஆம் ஆண்டின் முடிவுக்குள் நாட்டு உற்பத்தியில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று எழுதினார்கள். அந்த ஆண்டு வந்தபோது கடன் 57 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இடையில் கொரோனா வந்தது உண்மை, 2020-21இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 9.2 விழுக்காட்டுக்குப் போனதை யாரும் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சட்டத்தில் எழுதிய இலக்கு தவறியபோது அதற்காக எந்த அவையிலும் ஒரு நாள் முழுவதும் விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. புதிய இலக்கு 2031 மார்ச்சுக்குள் 50 விழுக்காடு, ஒரு விழுக்காடு கூடலாம் அல்லது குறையலாம் என்பது. இதற்குக் காவல் யார்? அந்தச் சட்டத்தை மறு ஆய்வு செய்த என்.கே. சிங் தலைமையிலான குழு, அரசின் நிதிக் கணக்கை ஆட்சியாளரின் கட்டுப்பாட்டில் இல்லாமல் ஆராய்ந்து சொல்ல ஒரு தன்னாட்சி நிதி மன்றம் வேண்டும் என்று 2017இலேயே பரிந்துரைத்தது. அது இன்றுவரை அமைக்கப்படவில்லை.

அரசியல் மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஒரு காலத்தில் மத்திய அரசு பணம் போதாதபோதெல்லாம் தற்காலிகக் கருவூல உண்டியல்கள் என்ற குறுகிய காலக் கடன் பத்திரங்களை எழுதி ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ளும். 1991இல் அந்நியச் செலாவணி வற்றி, 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலை வந்த பிறகு, அந்தப் பழக்கத்தையே நிறுத்துவது என்று 1994இல் அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1997 ஏப்ரலில் அது முற்றாக நின்றது. கட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், அந்த முடிவு நிலைத்தது. அமெரிக்காவிலும் 1990இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். புதிய செலவுத் திட்டமோ வரிக் குறைப்போ கொண்டுவருகிறவர், அதற்கு ஈடான வருவாயையோ சிக்கனத்தையோ அதே நேரத்தில் காட்ட வேண்டும். அந்த விதி நடப்பில் இருந்த காலத்தில், 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் அந்த நாட்டின் வரவு செலவில் உபரி இருந்தது. பொருளாதாரம் வளர்ந்ததும் ஒரு காரணந்தான். ஆனால் விதி காலாவதியான அதே 2002இல் பற்றாக்குறையும் திரும்ப வந்துவிட்டது.

ஆகவே நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: அவையில் அறிவிக்கப்படும் ஒவ்வொரு புதிய திட்டத்துடனும், அதற்கான பணம் எந்த வரவினத்திலிருந்து வரும், கடன் என்றால் எந்த ஆண்டில் எதைக் கொண்டு அடைபடும் என்ற ஓர் ஏடு இணைக்கப்பட வேண்டும். அது இல்லாத அறிவிப்பை அவை ஏற்கக் கூடாது என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

காட்பாடிப் பேராசிரியை – பதில்

கருவூலத் துறை ஐயாவின் விளக்கத்தை மதிப்புடன் படித்தேன். வாக்கெடுப்பைப் பற்றி அவர் சொன்னதை என் மாணவர்களுக்கும் சொல்லப் போகிறேன். ஆனாலும் சில இடங்களில் நான் மாறுபடுகிறேன், அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

முதலாவது, அரசு ஒரு குடும்பம் அன்று. குடும்பத் தலைவருக்கு வயதாகிறது, ஒரு நாள் வருமானம் நின்றுபோகிறது. அரசுக்கு அப்படி இல்லை. அதனால்தான் கடனை ரூபாயில் மட்டும் பார்க்காமல் மாநில உற்பத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். 31.3.2025-க்கு 26.41 விழுக்காடு என்று மதிப்பிட்ட அந்த விகிதம், அடுத்த ஆண்டின் முடிவுக்கு 26.07 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. ரூபாயில் கடன் ஏறினாலும், தாங்கும் தோளும் அகலமாகி வருகிறது. வட்டி விகிதத்தை விட வளர்ச்சி வேகமாக இருக்கும் வரை இந்தக் கணக்கு கைமீறாது. வளர்ச்சி மந்தமானால் கைமீறும் என்பதையும் நான் மறுக்கவில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். ஆனால் நம்முடைய கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாய்க் கடன். வங்கிகளும் காப்பீட்டுக் கழகமும் வருங்கால வைப்பு நிதியும் வாங்கி வைத்திருக்கும் பத்திரங்கள் அவை. இந்த இரண்டு நிலைமைகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இரண்டாவதுதான் எனக்கு மிக முக்கியமானது. "அன்றாடச் செலவில் கரைகிறது" என்று ஐயா எழுதிய சொல்லை நான் ஏற்கவில்லை. கணக்குத் தலைப்பின்படி, பள்ளிக்கூடச் சுவர் கட்டினால் அது மூலதனச் செலவு. அந்தச் சுவருக்குள் நின்று பாடம் நடத்துகிற ஆசிரியரின் சம்பளமும், குழந்தைக்குப் போடும் சத்துணவும் வருவாய்ச் செலவு. 1982இல் விரிவான சத்துணவுத் திட்டம் வந்தபோது, இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி அன்றும் எழுந்தது. நான் அந்தச் சத்துணவைத் தின்று படித்தவள். காட்பாடிக்கு அருகே ஒரு ஊராட்சிப் பள்ளியில் பெரிய அலுமினியக் குண்டானைச் சுற்றி வரிசையில் உட்கார்ந்த எங்களில், வீட்டில் பகல் சோறு இல்லாதவர்களே அதிகம். அந்த வரிசையிலிருந்து செவிலியர்கள் வந்தார்கள், இரயில்வே ஊழியர்கள் வந்தார்கள், ஒரு கல்லூரி ஆசிரியை வந்தாள். நாங்கள் கட்டும் வரி இன்றைக்கு மாநிலத்தின் வருவாயில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கடனைக் குறைப்பது என்ற பெயரில் கத்தரிக்கோலை எடுத்தால், அது முதலில் போவது குரல் இல்லாதவர்களின் பங்கை நோக்கித்தான். ஆசிரியர் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும், ஏரிக் கரைகள் பராமரிப்பின்றிப் போகும். அவற்றின் விலை எந்தக் கடன் பத்திரத்திலும் எழுதப்படாது, ஆனால் பிறகு யாரோ அதைக் கட்டத்தான் வேண்டும்.

அதனால் அரசியல் நடவடிக்கை வேண்டும் என்பதில் நானும் உங்களோடு இருக்கிறேன். ஆனால் அது வருவாய்ப் பக்கத்தில் தொடங்க வேண்டும். மாநிலத்தின் சொந்த வரி வருவாய், உற்பத்தியோடு ஒப்பிடும்போது ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்ததை 2021ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையே சுட்டிக்காட்டியது. 2022 ஏப்ரலில் சொத்து வரியையும், அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணத்தையும் உயர்த்தினார்கள். இரண்டும் மக்களிடம் கசப்பை உண்டாக்கின. ஆயினும் 2020-21இல் 62,326 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை 2022-23இல் 36,215 கோடிக்கு இறங்கியது என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். கொரோனாவின் பிடி தளர்ந்து வரி வசூல் மீண்டதும், முன்பு தவறவிட்ட வருவாயைத் தேடிப் பிடித்ததும் சேர்ந்துதான் இந்த இறக்கத்தைத் தந்தன. அதற்கு அடுத்த ஆண்டு அது மறுபடி 45,121 கோடியாக ஏறியதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும்.

மத்திய அரசு வசூலிக்கும் மேல்வரிகளும் கூடுதல் தீர்வைகளும் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளப்படுவதில்லை. பகிரப்படும் தொகுப்பிலும், மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக் குழு தமிழ்நாட்டுக்குக் கொடுத்த பங்கு 4.079 விழுக்காடு, மக்கள்தொகையில் நம் பங்கோ ஏறக்குறைய 6 விழுக்காடு. மாநிலக் கடனைப் பற்றிப் பேசுகிறவர் இதைப் பேசாமல் விட்டால், பாலாற்றில் ஏன் தண்ணீர் இல்லை என்று ஆராய்கிறவர் மேலே கட்டிய தடுப்பணைகளைப் பார்க்காமல் திரும்பி வந்ததைப் போலாகும்.

சாலைப்பணி – பதில்

நான் படிப்பில் பெரியவன் அல்லேன். சிறிய அளவில் சாலை, வாய்க்கால் ஒப்பந்தப் பணிகளை எடுத்துச் செய்கிறவன். இந்த விவாதத்தில் யாரும் சொல்லாத ஒரு கடனைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஓர் உள்ளாட்சி அமைப்புக்கு நான் போட்ட சிமெண்டுச் சாலைக்கான பணப் பட்டியல் (பில்) 14 மாதங்களாக நிலுவையில் நிற்கிறது. அளவுப் புத்தகத்தில் அளந்து எழுதி, பொறியாளர் கையெழுத்திட்டு, எல்லாம் முடிந்துவிட்டது. கேட்கும்போதெல்லாம் நிதி வந்தவுடன் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். நான் ஜல்லிக்கும் சிமெண்டுக்கும் ஆள் கூலிக்கும் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன், அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அரசு சந்தையில் கடன் வாங்கினால் ஆண்டுக்கு ஏழு ரூபாய் சொச்சந்தான் வட்டி. அந்தக் கடனை அரசு வாங்காமல் என் தலையில் ஏற்றியிருப்பதால், ஆண்டுக்கு 24 ரூபாய் வட்டியை நான் கட்டுகிறேன். இந்தத் தொகை 9 லட்சம் கோடியில் சேர்ந்திருக்கிறதா? கடனைக் குறைத்துக் காட்டுவதற்காகப் பட்டியல்களை நிறுத்தி வைத்தால், காகிதத்தில் கடன் குறையும், எங்கள் வீட்டில் நகை குறையும். கடனைக் குறைக்கச் சொல்லிப் போராடுகிறவர்கள், கொடுக்க வேண்டிய பட்டியல்களையும் கணக்கில் சேர்த்து வெளியிடச் சொல்லிக் கேளுங்கள்.

டெல்லி கேட் – பதில்

ஆற்காட்டில் வரலாறு கற்பிக்கிறவன் என்ற முறையில், இந்த மண்ணிலேயே நடந்த ஒரு கடன் வரலாற்றை இங்கே வைக்க விரும்புகிறேன். சாலைப்பணி அண்ணன் சொன்னதற்கும் இதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர்ச் செலவுக்கும் கும்பினிக்கு (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) கட்ட வேண்டிய தொகைக்கும் பணம் போதாமல், சென்னையிலிருந்த ஆங்கிலேயத் தனிநபர்களிடம் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் கும்பினியின் ஊழியர்களே. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எழுதப்பட்டது. ஈடாக, மாவட்டங்களின் நிலவரி வருவாய் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த வருவாயைப் பிழிந்து எடுத்தது யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. உழுதவனிடமிருந்துதான்.

எது மெய்யான கடன், எது எழுதி வைத்த கடன் என்று யாருக்கும் தெரியாது. 1784இல் இலண்டனில் ஆட்சியிலிருந்தவர்கள், விசாரணையே இல்லாமல் இந்தக் கடன்களைக் கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட நவாபின் ஆட்சிப் பகுதியின் வருவாயிலிருந்து தீர்க்க ஆணையிட்டார்கள். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் அந்நாட்டு மக்களவையில் எழுந்து, கடன் கொடுத்தவர்களின் செல்வாக்கு அந்த அவைக்குள்ளேயே இருப்பதால்தான் விசாரணை தவிர்க்கப்படுகிறது என்று கடுமையாகப் பேசினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1801இல் நவாபின் வாரிசுரிமைச் சிக்கலைச் சாக்காக வைத்து, கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் கும்பினி எடுத்துக்கொண்டது. வட ஆற்காடு என்ற மாவட்டம் பிறந்ததே அதன் தொடர்ச்சியாகத்தான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பகுதி செல்லாது என்று தள்ளுபடி ஆயிற்று. ஒரு தலைமுறைக் காலம் முன்னதாகவே அந்த விசாரணை நடந்திருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் மாணவர்களைப் பாலாற்றங்கரையிலுள்ள டெல்லி கேட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். கோட்டையில் எஞ்சி நிற்பவை மிகச் சில, அவற்றில் அந்த வாயிலும் ஒன்று. இன்றைய அரசை அன்றைய நவாபோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று, இன்று தணிக்கை இருக்கிறது, அவை இருக்கிறது, தேர்தல் இருக்கிறது. ஆனால் கணக்குக்கு வெளியே நிற்கும் கடன் பற்றிய எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்துகிறது. மத்திய அரசு பல ஆண்டுகளாக உணவு மானியத்தின் ஒரு பகுதியைத் தன் கணக்கில் காட்டாமல், உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்துச் சமாளித்தது. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் அது கணக்குக்குள் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் மின்வாரியம் பல ஆண்டுகள் வாங்கிக் குவித்த கடனில் 22,815 கோடி ரூபாயை, 2017இல் மின்வாரியங்களின் கடன் சுமையைத் தீர்ப்பதற்கான மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசு தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. கட்சி எதுவாக இருந்தாலும், முழுக் கடனும் ஒரே பக்கத்தில் மக்கள் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கையாக இருக்க முடியும். குறைப்பது அதற்கு அடுத்த படி.

வேலூர் கருவூலன் – பதில்

பேராசிரியை அம்மாவின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் சம்பளத்தையும் சத்துணவையும் "கரைகிறது" என்ற சொல்லுக்குள் நான் அடக்கியிருக்கக் கூடாது. ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நல்ல செலவு என்பதாலேயே அதைக் கடனில் செய்யலாம் என்று ஆகிவிடாது. ஆண்டுதோறும் வரும் செலவு எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவுக்கு அதை உறுதியான வருவாயின் மேல் நிறுத்த வேண்டும். சத்துணவைக் கடனை நம்பி நடத்தினால், கடன் கிடைக்காத ஆண்டில் முதலில் நிற்பது அந்த உலைதான். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் 13,807 கோடி ஒதுக்கினார்கள். மாதம் 1,000 ரூபாய் ஒரு பெண்ணின் கையில் நேராகச் சேர்வதை நான் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் அதில்தான் மருந்து வாங்குகிறார். அதனால்தான் அதற்கு நிலையான வரவைக் காட்டுங்கள் என்று கேட்கிறேன்.

சாலைப்பணித் தம்பிக்கு: நீங்கள் சொன்னது உண்மை. நிலுவைப் பட்டியல்கள் கடன் கணக்கில் சேர்வதில்லை. மார்ச் கடைசி வாரத்தில் இரவு பதினொரு மணி வரை பட்டியல்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, எதை ஏற்பது, எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது என்று நாங்கள் தவித்திருக்கிறோம். அந்தக் கட்டுகளில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

தேர்தல் வாக்குறுதி பற்றி ஒரு செய்தியையும் சேர்க்கிறேன். இலவசப் பொருள் வழங்குவதை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய வாக்குறுதி தேர்தல் முறைகேடு ஆகாது என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. அதன்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுவாகவேனும் சுட்டிக்காட்ட வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. 2022 அக்டோபரில் அதற்கென ஒரு படிவத்தையே முன்மொழிந்து கட்சிகளின் கருத்தை ஆணையம் கேட்டது. ஆக, உங்கள் குழுவின் "நோக்கம்" கட்டமும் "எதை வைத்து அடைப்பாய்" என்ற கேள்வியும் ஏற்கெனவே விதியில் இருக்கின்றன. அதைக் கேட்கும் வாக்காளர்தான் இன்னும் வரவில்லை.

குடியாத்தம் தறிவீடு – பதில்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. இந்த இழையை அச்சிட்டு நேற்று மாலை குழுவில் வாசித்துக் காட்டினேன். சத்துணவைப் பற்றிப் பேராசிரியை எழுதிய இடத்தில் மூன்று பெண்கள், தாங்களும் அந்த வரிசையில் உட்கார்ந்தவர்கள்தான் என்றார்கள். வட்டிக்கு வாக்கெடுப்பு இல்லை என்ற இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

அவர்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன். எங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட குழுக்கள் பல உண்டு. கூட்டமைப்பின் அடுத்த கூட்டத்தில் ஒரு பக்கத் தாள் ஒன்றை வைத்து, வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சி வேட்பாளரிடமும் அதைக் கொடுத்து நிரப்பச் சொல்லிக் கேட்பது என்று பேசியிருக்கிறார்கள். அதில் ஐந்து கட்டங்கள்: வாக்குறுதி, ஆண்டுக்கு ஆகும் செலவு, எந்த வரவிலிருந்து, கடன் என்றால் எந்த ஆண்டில் அடைபடும், இதுவரை கொடுக்காமல் நிற்கும் பட்டியல் எவ்வளவு. கடைசிக் கட்டம் சாலைப்பணி அண்ணனுக்காகச் சேர்த்தது. வேட்பாளர் நிரப்பாமல் போனால், வெற்றுத் தாளை அப்படியே குழுவின் பேரேட்டில் ஒட்டி, மேலே அவர் பெயரையும் தேதியையும் எழுதி வைப்பார்களாம்.

தாளின் பின்பக்கத்தில் மாநிலக் கணக்கையும் மத்தியக் கணக்கையும் பத்து வரிக்குள் அச்சிட வேண்டும். பகிர்வுத் தொகை பற்றிய வரியைப் பேராசிரியை அம்மாவும், மற்ற எண்களைக் கருவூலத் துறை ஐயாவும் சரிபார்த்துத் தர இயலுமா? கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு.

வேலூர் கருவூலன் – பதில்

கட்டாயம் செய்து தருகிறேன். எண்கள் அனைத்தையும் கோடியில் எழுதாமல், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்றும் பக்கத்தில் எழுதித் தருகிறேன், வாசிக்க எளிதாக இருக்கும். வியாழனுக்குள் இங்கேயே பதிவிடுகிறேன். பேராசிரியை அம்மா பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.